செவிவழி வந்த சிவகாமி

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' இந்நாளில் படிக்கப்படும் அளவுக்குக் கேட்கவும்படுகின்றது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர் அவற்றை எவரும் அச்சிடலாம், எவரும் வாசித்துப் பதிவு செய்யலாம் என்ற நிலை உண்டாயிற்று. பம்பாய் கண்ணன் போன்றோர் பல நடிகர்களின் குரலையும் இசையையும் கூட்டி அவரது நாவல்களை ஒலிப்புத்தகங்களாக ஆக்கினர். தனியொருவராக இருந்து அத்தியாயம் அத்தியாயமாக வாசித்து வெளியிட்டோரும் உளர். விலை கொடுத்தும் கேட்கலாம், விலையின்றியும் கேட்கலாம். கொழும்புக் கோட்டையில் யாழ்தேவியில் ஏறும் ஒருவர், கைத்தொலைபேசியில் முதலாம் அத்தியாயத்தைத் தொடங்கினால், யாழ்ப்பாணத்தில் இறங்குவதற்குள் பரஞ்சோதி என்னும் கிராமத்து வாலிபனோடு காஞ்சிக் கோட்டைக்குள் நுழைந்து, முற்றுகையின் வாசலுக்கேனும் வந்துவிடலாம்.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாள்களை ஒட்டிக் குடாநாட்டுக்கு வரும் உறவினர் பலருக்கு இஃது உகந்த பொழுதுபோக்காகிவிட்டது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுள் தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்ளக்கூடியவர் பலர். எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூடியவர் சிலரே. அவர்களுக்குக் கல்கி செவிவழியாகவே வந்து சேர வேண்டியுள்ளது. கண்பார்வை மங்கிய முதியவர்களுக்கும், அடுப்படியிலும் தோட்டத்திலும் கைவேலை ஓயாத பெண்களுக்கும் இதே நிலைதான். காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் மணலிற் சாய்ந்து கிடந்தவாறு வாதாபிப் படையெடுப்பைக் கேட்டு மகிழ்வோரைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. உழைத்து ஓய்ந்த மனிதனுக்கு ஒரு கதை வேண்டும். அந்தக் கதை நல்ல தமிழில் அமைந்திருப்பின் அதனைக் குறை கூறுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. போரைக் கண்ணாற் கண்ட ஒரு மண்ணில், போரை அழகிய கதையாகச் சொல்லும் ஒரு நாவலை, விடுமுறைக்கால இன்பமாகக் கேட்கும்போது நம் செவியில் விழுவது எது, விழாமற் போவது எது? இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுவது இதனையே.

கதையைக் கேட்டு அனுபவித்தல் யாழ்ப்பாணத்துக்குப் புதியதொன்றன்று. அச்சுப் புத்தகம் வீட்டுக்கு வீடு வந்து சேர்வதற்கு முன்னரே, கோயில் மண்டபங்களில் கந்தபுராணமும் பெரியபுராணமும் படிக்கப்பட்டன. புராண படனம் என நாம் அழைக்கும் அவ்வழக்கம் இன்றும் பல கோயில்களில் நிலவுகின்றது. அதன் அமைப்பு மனங்கொள்ளத்தக்கது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். அருகிலிருக்கும் மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். படிப்பவர் குரல் வளத்தால் மனத்தை இழுப்பார். பயன் சொல்பவர் அந்த மனத்தைச் சற்று நிறுத்தி வைத்து, சொல்லின் பொருளையும், செயலின் நியாய அநியாயத்தையும் எடுத்துக் காட்டுவார். கந்தபுராணமே ஒரு பெரும் போர்க்கதை. ஆனால் சூரபன்மன் வீழ்ந்தான் என்று கேட்டு எழுந்து போவதற்கு அந்தச் சபை இடங்கொடுக்கவில்லை. அவன் ஏன் வீழ்ந்தான், வீழ்ந்தபின் என்னவானான், அவனைப் பெற்றவரும் உற்றவரும் என்ன பாடுபட்டனர் என்பனவெல்லாம் பயனிலே இடம்பெற்றன. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று அழைத்தபோது, நூலை மட்டுமன்றி அது கேட்கப்பட்ட முறையையும் சேர்த்தே கருதினார் எனக் கொள்ளலாம்.

அச்சபையில் யார் உட்கார்ந்து கேட்டனர், யார் வெளிவீதியில் நிறுத்தப்பட்டனர் என்ற கேள்வியையும் நாம் மறக்கலாகாது. சாதியின் பேரால் ஆலய வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்களுக்குப் படிப்பும் இல்லை, பயனும் இல்லை. அந்தக் குறை ஒலிப்புத்தகத்துக்கு இல்லை. எவர் செவிக்கும் அது ஒரே குரலில் பேசுகின்றது. இதனை ஒரு ஜனநாயக முன்னேற்றமென்றே நாம் கருதுகின்றோம். எனினும் பழைய சபையில் இருந்து புதிய கருவிக்கு வரும்போது வழியில் தவறிப்போனவர் ஒருவர் உளர். அவர்தாம் பயன் சொல்பவர். படிப்பவர் மாத்திரம் நம்முடன் இருக்கின்றார். போதாக்குறைக்கு, நாடகமாக்கப்பட்ட ஒலிவடிவங்களில் பின்னணி இசையும் அவருக்குத் துணை சேர்ந்துகொள்கின்றது. முரசு அதிரும்போது உள்ளம் அதிர வேண்டும், குழல் அழும்போது கண் கலங்க வேண்டும் என்று கேட்போன் சிந்திக்குமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு யோசிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் குரலை நிறுத்தி யோசிப்போர் அரியர்.

இனி நாவலுக்கு வருவோம். 1944-இல் 'கல்கி' இதழில் தொடங்கி 1946-இல் முற்றுப்பெற்ற தொடர்கதை இது. இருவகையில் இது போர்க்காலக் கதை. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ சாளுக்கியப் போர் அதன் பொருள். இரண்டாம் உலகப் போர் அது பிறந்த சூழல். 1942 ஏப்ரல் 5-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும், 9-ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டு வீசின. அதே மாதத்திற் சென்னை மக்கள் பெருந்தொகையினராய் நகரை விட்டு ஓடினர். 1943-இல் வங்காளத்தைப் பஞ்சம் தின்றது. தொடர் வெளிவந்துகொண்டிருந்தபோதே, 1945 ஓகஸ்ட் 6-இல் ஹிரோஷிமாவும் 9-இல் நாகசாக்கியும் எரிந்தன. எதிரியின் படை வருகின்றதென்ற அச்சத்தில் வாழ்ந்த வாசகர்களுக்கே கல்கி காஞ்சி முற்றுகையின் கதையைச் சொன்னார். அந்நிய ஆட்சியில் அடங்கிக் கிடந்த ஒரு சமுதாயத்துக்குப் பழம்பெருமையை நினைவூட்டுதல் அக்காலத்தில் ஓர் அரசியற் பணியுமாகும். விடுதலைப் போராட்டத்திற் சிறை சென்ற கல்கி அதனை அறிந்தே செய்தார் என்பதில் ஐயமில்லை.

வரலாற்று நாவலைப் பற்றிப் பேசும்போது ஹங்கேரிய விமர்சகர் லூக்காக்ஸ், வால்டர் ஸ்காட்டின் கதைகளிலே பெரிய மன்னர்கள் ஓரத்தில் நிற்க, நடுத்தரமான ஒரு மனிதன் நடுவிடத்தைப் பெறுகின்றான் என்பதைச் சுட்டிக்காட்டினார். இரு பக்கத்தையும் பார்க்கும் வாய்ப்பு அத்தகைய மனிதனுக்கே கிட்டுகின்றது. 'சிவகாமியின் சபத'த்தின் முதற்பாகத்துக்குக் கல்கி 'பரஞ்சோதி யாத்திரை' என்று பெயரிட்டிருப்பதை இவ்வகையில் நோக்கலாம். மகேந்திர பல்லவனும் மாமல்லனும் இருக்க, கல்வி கற்பதற்காகக் காஞ்சிக்கு நடந்துவரும் ஒரு நாட்டுப்புறத்து இளைஞனின் காலடியிலிருந்தே கதை தொடங்குகின்றது. போர் அவனைத் தளபதியாக்குகின்றது. வாதாபியை அழிக்கும் படைக்கு அவனே தலைமை தாங்குகின்றான். அழித்த பின்னர் வாளைத் துறந்து சிறுத்தொண்டனாகின்றான். கதையின் காதலர் மாமல்லனும் சிவகாமியும் என்பது உண்மையே. ஆனால் அதன் மனச்சாட்சி பரஞ்சோதியேயாவான்.

நாவலின் நான்கு பாகங்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்ப்பின் கல்கியின் உள்ளம் ஓரளவு புலப்படும். 'பரஞ்சோதி யாத்திரை', 'காஞ்சி முற்றுகை', 'பிக்ஷுவின் காதல்', 'சிதைந்த கனவு'. பல்லவர் வென்ற பாகம், சபதம் நிறைவேறிய பாகம், பகைவன் தலைநகரம் சாம்பலான பாகம் எதுவோ, அதற்கே 'சிதைந்த கனவு' என்று பெயர். வெற்றிக் கதை எழுதிய ஒருவர் வெற்றிக்கு இட்ட பெயர் இது! சிவகாமி கேட்டது கிடைத்தது, வாதாபி எரிந்தது. ஆனால் காஞ்சிக்கு மீண்டபோது மாமல்லன் பாண்டியன் மகளை மணந்து மக்களையும் பெற்றவனாயிருந்தான். அவள் ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்புக்கொடுக்கின்றாள். பழிவாங்கல் எவருக்கும் எதனையும் மீட்டுத் தருவதில்லை என்பதே இம்முடிவின் பொருளாகும். ஆனால் இந்தப் பொருள் முழுக் கதையின் ஆரவாரத்துள் எவ்வளவு மெல்லியதாய் ஒலிக்கின்றது! விடுமுறையிற் கேட்போர் பலர் இறுதிப் பாகத்தை வந்தடையுமுன் விடுமுறை முடிந்துவிடுகின்றது என்பதும் உண்டு. அவர்கள் நினைவில் நிலைப்பது சபதமே, சிதைவு அன்று.

அந்தச் சபதம் எங்கே பிறந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாதாபியின் நாற்சந்திகளிலே தமிழ்நாட்டுச் சிறைக்கைதிகள் சவுக்கடி படுகின்றனர். அவர்களை அடியிலிருந்து காப்பதற்காகச் சிவகாமி பகைவர் முன்னிலையில் நடுத்தெருவில் ஆடுகின்றாள். கலை இவ்வாறு அவமானப்படும் காட்சி, கல்கி எழுதியவற்றுள் மிகக் கொடியது என்பதில் ஐயமில்லை. அந்த அவமானத்திலிருந்தே 'இந்நகரம் எரியும்வரை இவ்விடம் விட்டு அகலேன்' என்ற உறுதி பிறக்கின்றது. அந்த உறுதியின் நியாயத்தை யாழ்ப்பாணத்தவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. சோதனைச் சாவடிகளில் வரிசையாய் நின்றவர்கள் நாம். ஆயினும் நாற்சந்தியில் அடிபட்ட கைதிகளுக்குக் கதையிற் பெயரில்லை, ஊரில்லை, அவர்கள் திரும்பி வந்தனரா என்ற செய்தியுமில்லை. சிவகாமியின் மானத்துக்காக ஒரு பேரரசு சற்றேறக்குறைய ஒன்பது ஆண்டு ஆயத்தஞ் செய்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் படைக்கு நெல் கொடுத்தவன் யார்? யானைக்குக் கவளம் உருட்டியவன் யார்? எத்தனை வீட்டுப் பிள்ளைகள் துங்கபத்திரைக்கு அப்பாற் போய்த் திரும்பவில்லை? வரலாற்றுக் காதற்கதை இவற்றைக் கேட்காது. கேட்டால் காதல் குறைந்துவிடும் என்று அஞ்சும்.

இங்கேதான் யாழ்ப்பாணத்துச் செவிக்குத் தனியான ஒரு தகுதி உண்டென்று நாம் கருதுகின்றோம். எரிந்த நகரம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது; ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1990-இல் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது நகரத்தின் நடுப்பகுதி இடிந்து கற்குவியலாயிற்று. அவ்வாண்டு வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தவர்கள் தம் நிலத்தை மிதிப்பதற்குத் தசாப்தங்கள் காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30-இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஐந்தாண்டு கழித்து, 1995-இல், அதே ஒக்டோபர் 30-ஆம் நாள், அரச படை முன்னேறி வர, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையிலும் இருளிலும் செம்மணி வழியே தென்மராட்சிக்கு நடந்தனர். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றபோது நேர்ந்தவற்றை இவ்விடத்தில் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவற்றைக் கடந்து வந்த ஒருவர் 'வாதாபி எரிந்தது' என்று கேட்கும்போது, அவர் எந்தப் பக்கத்தில் நின்று கேட்கின்றார்? கதை அவரைப் பல்லவர் பாசறையிலே நிறுத்துகின்றது. தமிழ்ப் பேசும் செவி தானாகவே அங்குச் சென்று நின்றுவிடுகின்றது. ஆனால் அவருடைய அனுபவம் அவரைக் கோட்டைக்கு உள்ளே அல்லவா நிறுத்த வேண்டும்? எரியும் வீதிகளில் பிள்ளையை இடுப்பில் ஏந்தி ஓடிய வாதாபித் தாய் கன்னடம் பேசியிருப்பாள். அவள் மூட்டையில் கட்டியது என்ன, விட்டுச் சென்றது என்ன என்பதை ஒக்டோபர் 30-ஐக் கண்டவர்களே உலகில் நன்கறிவர். அந்த அறிவைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பது எளிது. அந்த அறிவோடு கேட்பதே நேர்மையானது.

வரலாறும் இவ்வாறு கேட்பதற்குத் துணை செய்கின்றது. மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் 642-ஆம் ஆண்டளவில் வாதாபியைக் கைப்பற்றி, 'வாதாபி கொண்டான்' என்ற விருதையும் பெற்றான். கதை அத்துடன் நிற்கின்றது. போர் அத்துடன் நிற்கவில்லை. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் 674-இல் காவிரிக்கரை உறையூர் வரை படையோடு வந்து தங்கியிருந்தான் என்பதைக் கத்வால் செப்பேடு காட்டுகின்றது. ஒரு சபதம் இன்னொரு சபதத்தைப் பெற்றது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள்ளேயே வெற்றிவேந்தனாய்ப் புகுந்தான். தன் மூதாதையரின் தலைநகரை அழித்தவர் நகரம் அது. அவன் அதனை எரிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு அதனைக் கோயிலுக்கே திருப்பியளித்ததாக அங்குள்ள தூணிலே கன்னடத்திற் கல்வெட்டுப் பொறிக்கச் செய்தான். மன்னர்களின் கல்வெட்டுகள் தற்புகழ்ச்சியே எனினும், எதனைப் புகழாகக் கருதினான் என்பது நோக்கத்தக்கது. எரிக்காமல் விட்டது புகழாயிற்று! இந்தத் தூணைப் பற்றி ஒரு நாவல் இதுவரை தமிழிற் பெரும்புகழ் பெறவில்லை. சபதத்துக்கு உள்ள கவர்ச்சி மன்னிப்புக்கு இல்லைபோலும்.

நாவலில் இலங்கை இளவரசன் மானவன்மனும் வருகின்றான். இவன் கற்பனைப் பாத்திரமல்லன். அரியணை இழந்து பல்லவன் அரண்மனையில் அடைக்கலம் புகுந்து, அவனுக்காகப் போரிட்டு, அவன் தந்த படையோடு இலங்கைக்குத் திரும்பியவன் என்று சூளவம்சம் அவனைப் பற்றிக் கூறுகின்றது. முதற் படையெடுப்புத் தோற்றது. மீண்டும் படை வந்தது. ஏழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அவன் அரசனானான். வாதாபியை அழித்த கைகளே கடல் தாண்டி நம் தீவுக்கும் வந்தன என்பது இதன் பொருள். காஞ்சியின் மாளிகையில் இரு இளவரசரின் நட்பாகத் தோன்றுவது, அநுராதபுரத்துக் குடியானவனுக்கு அந்நியப் படையின் வருகையாகவே தோன்றியிருக்கும். 1987-இல் அமைதி காக்கும் படை என்ற பெயரோடு வந்த இந்தியப் படையை வரவேற்றதையும், சில மாதங்களில் அதன் துப்பாக்கிக்கு அஞ்சிப் பதுங்கியதையும் கண்ட குடாநாட்டுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பரஞ்சோதியிடம் மீண்டும் வருவோம். அவனுடைய வரலாற்றைக் கல்கி பெரியபுராணத்திலிருந்தே எடுத்தார். வாதாபி அழிந்ததைச் சேக்கிழார் மிகச் சுருக்கமாகவே சொல்லி மேலே செல்கின்றார். அவருக்கு முக்கியமானது அதன் பின் நிகழ்ந்தது. பகைவர் நகரை அழித்த தளபதி, திருச்செங்காட்டங்குடியிலே அடியார்க்கு அமுதூட்டும் சிறு தொண்டனாகி, ஒரு நாள் தன் ஒரே மகனையே கறியாக்கும் சோதனைக்கு உள்ளாகின்றான். பிள்ளை மீண்டு வருகின்றான் என்பது புராணம். பக்தர்க்கு இஃது அன்பின் எல்லையைக் காட்டும் கதை; அதில் நாம் குறுக்கிட விரும்பவில்லை. ஆனால் நல்லதொரு பயன் சொல்பவர் இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துக் காட்டியிருக்கக் கூடும். எத்தனையோ பிள்ளைகளுள்ள ஒரு நகரத்தின்மேற் படையோடு சென்றவனுக்கு, ஒரு பிள்ளையின் உயிர் எவ்வளவு கனமானது என்பது பின்னர் அவன் வீட்டு முற்றத்திலேயே உணர்த்தப்படுகின்றது. நாவலைக் கேட்டவரும், புராணத்தைக் கேட்டவரும் ஒரே திண்ணையில் இருந்து பேசினால் இத்தகைய பொருள்கள் எத்தனையோ வெளிப்படும்.

வாதாபியின் பெயர் நம் செவிக்கு எவ்வளவு இனியதாகிவிட்டது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கச்சேரி தொடங்கும்போதும், கலியாண வீட்டில் நாதஸ்வரம் முழங்கும்போதும், முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' ஹம்சத்வனியில் எழுகின்றது. அந்த விநாயகர் திருவுருவம் வாதாபியிலிருந்து பரஞ்சோதியால் கொண்டுவரப்பட்டதென்பது வழிவழி வந்த மரபு. எரிந்த நகரத்திலிருந்து எடுத்துவந்த பொருளின் பெயரை மங்கலத்தின் முதற்சொல்லாக நாம் கொண்டிருக்கின்றோம். இதிற் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. இசை எல்லாவற்றையும் கடந்து வாழ்கின்றது. ஆனால் இனிமை எதனை மறக்கச் செய்யும் என்பதற்கு இதனை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது. ஒலிப்புத்தகத்தின் இனிமையும் இவ்வகையினதே.

இதே குடாநாட்டுச் செவிகள் வேறொரு காலத்தில் எவ்வாறு கேட்டன என்பதை இளைய தலைமுறையினர் அறிதல் நன்று. 1990 முதல் பல ஆண்டுகள் இங்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் வரவில்லை. ஜாம் போத்தலில் சிறு திரி போட்டு எரிந்த விளக்கின் கீழே, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலி பேசிற்று. சுற்றியிருந்தோர் மூச்சடக்கிக் கேட்டனர். சுழற்றுபவன் கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும். அங்கே கேட்டல் ஒரு கூட்டு உழைப்பு. கேட்ட செய்திக்கு ஒருவர் விளக்கம் சொல்வார், ஒருவர் மறுப்பார், ஒருவர் எதுவும் பேசாமல் எழுந்து போய்ப் பதுங்கு குழியின் மண்ணைச் சரிசெய்வார். தெரிந்தோ தெரியாமலோ அந்தச் சபையிலும் பயன் சொல்பவர் ஒருவர் இருந்தார். இன்று குரல் ஓய்வதில்லை, கை வலிப்பதில்லை, ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் காதுக்குள் தனித்தே இருக்கின்றனர்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். துன்பம் கண்டவர்களுக்குச் சற்று மறதி வேண்டாமா? ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட போரிலேனும் தமிழன் வென்றான் என்று கேட்டு ஆறுதலடையக் கூடாதா? இந்த மறுப்பை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். தோல்வியும் இழப்பும் கண்ட சமுதாயம் பழைய வெற்றியிற் சாய்ந்துகொள்வது இயல்பே. ஆனால் அந்தச் சாய்வு இரண்டு தீமைகளைச் செய்யக்கூடும். ஒன்று, போர் என்பது மன்னர், மானம், காதல் என்னும் மூன்றாலும் ஆனதென்ற எண்ணத்தை, போரை அறியாத பிள்ளைகளின் மனத்தில் ஊன்றிவிடும். புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பதினைந்து வயதுப் பிள்ளை, தன் பேத்தியார் நடந்த வழியைக் கேட்டறியாமல் மாமல்லன் நடந்த வழியை மட்டும் கேட்டுத் திரும்புமானால், அதன் தமிழறிவு வளர்ந்திருக்கலாம். தமிழர் வாழ்வைப் பற்றிய அறிவு வளரவில்லை. மற்றொன்று, காத்திருப்பின் உண்மையான பாரத்தை அது மறைத்துவிடும். சிவகாமி ஒன்பது ஆண்டு காத்திருந்தாள் என்று உருகுகின்றோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்திற் கொட்டகை அமைத்து உட்கார்ந்தனர். பிள்ளையின் படத்தை மடியில் வைத்தவாறே அவர்களிற் பலர் இறந்தும் போயினர். அவர்களுடைய காத்திருப்புக்கு எந்தப் படையும் புறப்படவில்லை. எந்த நகரமும் எரிய வேண்டுமென்று அவர்கள் கேட்கவுமில்லை. பிள்ளை எங்கே என்று மட்டுமே கேட்டனர். சிவகாமியின் சபதத்தைக் காட்டிலும் உயர்ந்த சபதம் இது.

நம் மண்ணின் எழுத்தாளர்கள் இந்த வாழ்வை எழுதாமலில்லை. ரஞ்சகுமாரின் 'கோசலை' பிள்ளைகளைப் போராட்டத்துக்குப் பறிகொடுக்கும் ஒரு தாயின் மனத்தைச் சொல்கின்றது. கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' இயக்கத்துக்குள்ளே நிகழ்ந்த கொடுமையை 1985-லேயே துணிந்து பேசிற்று. ஷோபாசக்தியின் 'கொரில்லா'வும் சயந்தனின் 'ஆறா வடு'வும் போருக்குள் அகப்பட்ட சாதாரண மனிதரை நம் முன் நிறுத்துகின்றன. போருக்கு முன்னரே கே. டானியலின் 'பஞ்சமர்', சபதம் செய்ய அரண்மனையில்லாத மக்களின் போராட்டத்தை எழுதிற்று. கல்கியின் நாவல்களுக்கு ஒலிவடிவிற் கிட்டிய கவனமும் உழைப்பும் இவற்றுக்கும் கிட்டுதல் வேண்டும். தேர்ந்த குரல்கள் இவற்றை வாசித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு 'கோசலை' ஒருமுறை ஒலிக்குமாயின், அதனைக் கேட்ட செவி வாதாபியை வேறு விதமாகக் கேட்கும் என்பது திண்ணம்.

இதனாற் கல்கியைக் கேட்பதை நிறுத்துமாறு நாம் சொல்லவில்லை. வாசகரை இழுத்துச் செல்லும் அவருடைய ஆற்றலும், எளிமையும், நகைச்சுவையும், கலைகளில் அவருக்கிருந்த ஈடுபாடும் தமிழ் நாவலுக்கு ஒரு பெருங்கூட்டத்தைத் தேடித் தந்தன. அந்தக் கூட்டம் இன்றுவரை கலையவில்லை. அவருடைய கதையிலேயே போருக்கு எதிரான ஒரு குரல் இருக்கின்றது. அதனை முரசொலிக்குள்ளிருந்து பிரித்துக் கேட்பது நம் கடமை. ஆகவே இந்த விடுமுறையிற் 'சிவகாமியின் சபத'த்தைக் கேட்கும் அன்பர்கள் அதனைக் கூட்டமாகக் கேட்பார்களாக. வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரையும் இளையவர் ஒருவரையும் பக்கத்தில் இருத்திக்கொள்வார்களாக. நாற்சந்தியில் சவுக்கு விழும்போது ஒரு கணம் நிறுத்தி, அடிபட்டவர்கள் யாரென்று கேட்பார்களாக. வாதாபிக் கோட்டைக்குத் தீயிடும்போது மீண்டும் நிறுத்தி, உள்ளே இருந்தவர்கள் யாரென்று கேட்பார்களாக. நான்காம் பாகத்தை விட்டுவிடாமல் இறுதிவரை கேட்டு, வென்றவர் கனவு ஏன் சிதைந்தது என்பதைப் பேசுவார்களாக. படிப்பவரை யந்திரம் தந்துவிட்டது. பயன் சொல்லும் பொறுப்பு நம்மிடமே இருக்கின்றது.